நியூட்ரல்

சாலியமங்கலம் தாண்டும்போதே ஒரு வாடை.
எங்கோ வைக்கோல் கொளுத்துகிறார்கள் என்று நினைத்தேன்.
அம்மாபேட்டையில் டாக்டர் ஹாஜிரா
ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.
நீடாமங்கலம் கேட்டில் மாட்டிக்கொண்டோம்.
நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ்
ஊர்ந்து ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது.
வாடை போகவில்லை,
எங்களோடு நின்றது.

இறங்கிப் பின்னால் போனேன்.
கண் பரிசோதனை பஸ்,
அதன் வாலில் இரும்புக் கழி,
கழியின் நுனியில் வெள்ளைக் கார்,
நாலு சக்கரமும் தரையில்.
பானெட் இடுக்கில் புகை
ஊதுபத்தி மாதிரி, அவசரமே இல்லாமல்.
இளநீர்க்காரர் எட்டிப் பார்த்தார்:
"என்ஜினே ஓடலியே, எப்படிச் சூடாச்சு?"
அதைத்தான் நானும்
என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முத்துப்பேட்டைப் பக்கம் பஸ் நுழையாத தெரு நிறைய.
மெயின் ரோட்டில் பஸ்ஸை நிறுத்திவிட்டு
புரை விழுந்தவர்களைக் காரில் போய்க் கூட்டி வருவேன்,
நடைக்கு மூன்று பேர்.
டிரைவர் நான் ஒருத்தன். அதனால்தான் கழி.
நாஞ்சிக்கோட்டை ரோட்டில் வெல்டிங் வைத்தது.
பழைய காரை ஆறு வருஷம் இழுத்தோம், ஒரு முனகல் இல்லை.
இது நன்கொடையாக வந்த ஆட்டோமேட்டிக்.
கிளட்ச் கிடையாது, முட்டிக்கு நிம்மதி என்று
நான்தான் முதலில் சந்தோஷப்பட்டேன்.

மன்னார்குடியில் அடைக்கலமேரி ஒர்க்‌ஷாப்.
தூக்கி நிறுத்தி அடி போல்ட்டைத் திருகினாள்.
செம்பருத்திச் சிவப்பாக இறங்க வேண்டிய எண்ணெய்
டிகாஷனாக இறங்கியது.
இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்தாள்.
மினுமினுவென்று இரும்புப் பொடி.
"எதுல போட்டு இழுத்தீங்க?"
"நியூட்ரல்லதாம்மா. சத்தியமா."
"நியூட்ரல்னா என்ஜினுக்குத்தான் லீவு அண்ணே.
சக்கரம் சுத்துனா உள்ள பாதி பெட்டி சுத்தும்.
எண்ணெய் ஏத்துற பம்பு
என்ஜின் ஓடுனாத்தான் ஓடும்."
"பழைய வண்டிக்கு ஒண்ணும் ஆகலியே?"
"அதுல பல்லே எண்ணெய வாரி எறச்சுக்கும்.
இதுல யாராவது அனுப்பணும்."
ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:
"மேட்டூர் தொறக்காம
கடைமடையில நடவு போட்டிருக்கீங்க."

எஸ்டிமேட்டை டாக்டர் கண்ணருகே வைத்துப் படித்தார்.
பிறகு கையை நீட்டித் தூர வைத்துப் படித்தார்.
தொகை அதேதான்.

அன்றிரவு பஸ்ஸிலேயே படுத்தேன்.
தலைமாட்டில் எழுத்துப் பலகை,
மேலே பெரிய 'ட', கீழே போகப் போகப் பொடிசு.
அக்காவும் அண்ணனும் ஒன்றேகால் மா நிலத்துக்காகக்
கோர்ட் ஏறி மூன்று வருஷம்.
நான் யார் பக்கமும் இல்லை,
கேட்டவர்களிடமெல்லாம் அதைத்தான் சொன்னேன்.
என்ஜினை அணைத்துவிட்டு
இழுத்த பக்கமெல்லாம் போனேன்.
மணி பத்தரை. போன் போட்டேன்.
"என்னடா, வண்டி ரிப்பேரா?" என்றாள் அக்கா.
ஆமாம் என்றேன். கியர்பாக்ஸ் என்றேன்.
வேறு எதுவும் வரவில்லை.
அவளும் வைக்கவில்லை.
கொஞ்ச நேரம் இரண்டு பேருக்கும்
கொசுச் சத்தம் மட்டும் கேட்டது.

இப்போது கழிக்குப் பதில் குட்டி டிரெய்லர்.
முன் சக்கரம் இரண்டையும் அதன்மேல் ஏற்றி
பெல்ட் போட்டு இறுக்குகிறேன்.
ஸ்டீயரிங் ஆடாமல் கயிறு.
ஹேண்ட் பிரேக் எடுத்தாயிற்றா?
பின் சக்கரம் தரையில்தான் ஓடப்போகிறது,
இரண்டு தரம் பார்க்கிறேன்.
புறப்பட்டு பத்தாவது கிலோமீட்டரில் இறங்கி
பெட்டியின் அடியில் புறங்கையை வைக்கிறேன்,
பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.

நேற்று மறுபடி நீடாமங்கலம் கேட்.
கூட்ஸ்தான். நெல்லா உரமா தெரியவில்லை.
இளநீர்க்காரர் காரைச் சுற்றி வந்து
மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.
"இன்னிக்கு ஒண்ணும் வாசமில்ல" என்றார்,
கொஞ்சம் ஏமாற்றமாக.
டிரெய்லர்மேல் முன் சக்கரம் இரண்டும்
சும்மா இருந்தன,
நிஜமாகவே சும்மா.