கிழக்கே ஆறு

பத்திரத்தில் நான்கெல்லை இப்படி:
வடக்கே வண்டிப்பாதை
தெற்கே ஒற்றைப்பனை
மேற்கே வயிரவன் புஞ்சை
கிழக்கே ஆறு.

பனை செத்துப்போனது. பாதை தார் பூசிக்கொண்டது.
ஆறு இருக்கிறது,
இருந்த இடத்தில் இல்லை.

புதுவயல் தாண்டிப் பாம்பாறு வளைகிற இடத்தில்
முக்காலி நட்டேன்.
இக்கரையில் அழகம்மை, வாதி.
அக்கரையில் அடைக்கலவன், பிரதிவாதி.
நடுவில் மணல். சொட்டுத் தண்ணீர் இல்லை.

வெளிவளைவில் வேகம், அதனால் அரிப்பு.
உள்வளைவில் தயக்கம், அதனால் படிவு.
ஒன்பதாம் வகுப்பில் இரண்டு மதிப்பெண் கேள்வி.
இங்கே அரிப்புக்குப் பெயர் ‘புடுங்கிட்டான்’.
படிவுக்குப் பெயர் ‘சாமி கொடுத்தது’.
இரண்டுக்கும் சேர்த்து நாற்பது சென்ட்.

செம்புறாங்கல் சீமையில்
ஆறு வருஷத்துக்குப் பதினோரு நாள்தான் வேலைக்கு வருகிறது.
மிச்சமெல்லாம் விடுப்பு.
அந்தப் பதினோரு நாளில் இவ்வளவு.

ஆற்றுநடுவே ஒதுங்கிய மேட்டைத் துருத்தி என்பார்கள்.
இந்தத் துருத்தியில் வேலிக்கருவேலம்,
குட்டிகளோடு ஒரு பன்றி.
மடு என்பது ஆழம்.
இந்த மடுவில் பாட்டில்கள்.

எல்லைக்கல்லைத் தேடினோம்.
முந்நூறு கஜம் கீழே கிடந்தது, மூலை மழுங்கி,
யாரோ துணி துவைத்த சோப்பு நுரை காய்ந்து.
‘ஆறு கடத்திக்கிட்டு வந்திருக்கு’ என்றேன்.
‘கடத்தல்னா அதுக்குத் தனி கேசு போடலாமா சார்?’
அடைக்கலவன் சிரித்தார்.

வளைவின் கழுத்தை அளந்தேன்: முப்பத்தெட்டு அடி.
ஏதோ ஓர் ஐப்பசிப் பெருக்கில் அது அறும்.
ஆறு குறுக்கே பாய்ந்து நேராகும்.
பழைய வளைவு குதிரைக் குளம்பாய்த் தேங்கி
மெல்லத் தூர்ந்து வண்டலாகும்.
அன்றைக்கு உள்வளைவுக் காடு
அப்படியே இக்கரையில் இருக்கும்.
கிழக்கே ஆறு.

சிரிப்பு கரை மாறியது.
அழகம்மை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அடைக்கலவன் அந்தக் கழுத்தையே பார்த்தார்.
‘நாலு லோடு கல்லு கொட்டினா நிக்குமா?’

‘கொட்டிப் பாரேன்’ என்றார் அழகம்மை.
பதினாலு வருஷ வழக்கில்
வக்கீல் இல்லாமல் அவரிடம் பேசிய முதல் சொல்.

வெயில் சாய்ந்தது.
புலப்படத்தில் மூன்று எல்லைக்கு மை.
நான்காவதைப் பென்சிலில் போட்டேன்.
தாலுகாவில் கேட்பார்கள், மை எங்கே என்று.
புரட்டாசி முடியட்டும் என்று சொல்ல வேண்டும்.