கறுப்பில் எரிந்தது

ஐடிஐ தேர்வுக்கு முந்தின ராத்திரி
நானே கட்டிய வரி:
சுடும் சிவப்பு, திரும்பும் கறுப்பு,
புல்லின் பச்சை மண்ணுக்கு.
ஐம்பதுக்கு நாற்பத்தேழு வாங்கித் தந்தது.
இன்றும் வயரைப் பார்த்தால்
உதடு தானே அசையும்.

களியக்காவிளையில் ஒரு வீடு.
வாசலில் நின்றால் எதிரே
கேரள வாரியத்துக் கம்பம்.
நம் பக்கம் கரண்ட் போன ராத்திரிகளில்
அந்த வெளிச்சத்தில்தான்
ரசலையன் கஞ்சி குடிப்பாராம்.
வயரிங் செய்தது மச்சினன், நெய்யாற்றின்கரை ஆள்,
எங்கெங்கோ மீந்த சுருள்களை வைத்து.

குளிமுறி விளக்கு
அணைத்த பிறகும் கையை உதறுகிறது என்றார்.

ஸ்டூலில் ஏறி
சீலிங் ரோஸைத் திறந்தேன்.
சுவிட்ச் அணைந்துதான் இருந்தது.
சிவப்பில் டெஸ்டர் வைத்தேன். எரிந்தது.
கறுப்பில் வைத்தேன்.
அதுவும் எரிந்தது.

வரியை இன்னொரு முறை சொன்னேன்.
சத்தமாகவும் சொன்னேன்.
அதற்கு அவ்வளவுதான் தெரியும்.

பல்பைக் கழற்றினேன்.
சிவப்பு அணைந்தது.
கறுப்பு அணையவில்லை.
அப்படியானால் சிவப்பு இத்தனை நேரம்
பல்பின் இழை வழியே
கறுப்பிடம் கடன் வாங்கி எரிந்திருக்கிறது.
அப்படியானால் உயிர் கறுப்பில்.
அப்படியானால் சுவிட்ச் வெட்டுவது
திரும்பும் வழியை;
வரும் வழி திறந்தே கிடக்கிறது.

இதை நாளைக்கே நான் மறந்தாலும்
ஒரு டெஸ்டரும் ஒரு பல்பும் இருந்தால்
மறுபடி இங்கே வந்து சேரலாம்.
என் வரி அப்படியல்ல.
ஒரு சொல் நழுவினால்
எந்தச் சுவரைத் தட்டியும் அதைக் கேட்டு வாங்க முடியாது.

"கறுப்பு நியூட்ரல் அல்லியோ பிள்ளே?"
கீழேயிருந்து ரசலையன்.
"ஆரு சொன்னது?"
"எல்லாரும் சொல்லுவினும்."

சொல்வார்கள்.
கரண்டுக்குக் கண் கிடையாது.

மெயினை இறக்கினேன்.
ரப்பர் விலை விழுந்த மாதம்,
முழு வீட்டையும் பிரிக்க அவரிடம் பணமில்லை.
இந்த ஒரு சுவிட்சைக் கறுப்புக்கு மாற்றினேன்.
மற்ற முறிகளுக்கு வியாழக்கிழமை வாறேன்,
அதுவரை மெயின இறக்காம
ஒரு பல்பையும் தொடப்படாது என்றேன்.
சரி சரி என்றார், கேட்டாரோ என்னவோ.

கறுப்பு வயரின் இரண்டு நுனியிலும்
சிவப்பு டேப் சுற்றினேன்,
அடுத்து ஏறப்போகிற கைக்கு.
சுடும் சிவப்பு.
என் வரி திரும்பவும் சரியாகிவிட்டது,
நான் ஒட்டிக் கொடுத்ததால்.

மெயினை ஏற்றச் சொல்லி
இறங்கும் முன்
அந்த நுனியிலும் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன்.