ஆறாயிரம் அடிக்கு ஒரு ஜெட்

கோத்தகிரியில் காற்று மெலிசு.
சமவெளிக் கணக்கில் பெட்ரோல் குடித்துப் பழகிய
தொண்ணூற்றாறு மாடல் எண்ணூறு
கறுப்பாய் இருமிக்கொண்டுதான் என்னிடம் வந்தது.
இருபத்திரண்டாயிரம்.
ஆர்சி புத்தகத்தில் எலி தின்றது போக மிச்சம் என் பெயர்.

ஞாயிறுதோறும் கார்புரேட்டரைப் பிரித்து
இட்லித் தட்டின் குழிகளில் பரப்புவேன்.
ஸ்பிரிங் ஒன்று
பீரோவுக்கடியில் இன்னும் தலைமறைவு.

மேட்டுப்பாளையத்தில் ஜெபக்கனி கடை.
"மலையிலயே ஓட்றதா? அப்ப ஒரு நம்பர் சின்னது போடுங்க."
மூக்குத்தித் திருகைவிடக் கொஞ்சம் பெரிய பித்தளை.
மாட்டி, சோக்கை இழுத்தேன்.
டாஷ்போர்டில் வைத்த டீ
தளும்பவில்லை.

அதோடு விட்டேனா?
ஜென்னிலிருந்து சக்கரம்,
எஸ்டேட் ஜீப் ஒன்று கழித்த மஞ்சள் விளக்கு,
கேர்பெட்டா ரோட்டுக் குழிகளுக்காக
பின் ஸ்பிரிங்கில் ரப்பர் வளையம்.
கீழ்வீட்டு போஜம்மா கேட்டாள்:
"இத்தனையும் போட்டு எங்கே போகப் போறே?"
மார்க்கெட்டுக்கு, என்றேன். ஒன்றரைக் கிலோமீட்டர்.

சித்திரையில் வங்கி என்னைத் திருப்பூருக்கு மாற்றியது.
ஓட்டிக்கொண்டே இறங்கினேன்.
குஞ்சப்பனை தாண்டியதும் வண்டிக்கு விக்கல்.
காற்று கனக்கக் கனக்க
சின்ன ஜெட் ஊட்டியது பற்றவில்லை.
சைலன்சரில் ஒரு வெடி,
குரங்குகள் சிதறின.
திருப்பி ஏற்றினேன். நான்காவது வளைவில் விக்கல் நின்றது.

இப்போது வெள்ளி இரவு பஸ்ஸில் வருகிறேன்.
சில்லறையை எண்ணிப் பார்த்த கண்டக்டர்
ஒன்றை மட்டும் திருப்பி நீட்டினார்:
"இது எந்த ஊர்க் காசுக்கா?"

பழைய ஜெட்.

கீழூர்க் காசு, என்று வாங்கிப் பையில் போட்டேன்.