உடுக்குறி

இலந்தைக்குளம், மூன்றாம் மாடி.
ஏ.சி. நின்று இருபது நிமிடம்.
கர்னலின் நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகளில்
'பஃபர்' என்று ஒரு பெயர்.
பார்த்தால் பொருள் மாதிரியே இருக்கிறது.
திறந்தால் பொருள் இல்லை,
பொருள் இருக்கும் இடத்தின் எண்.
எட்டே பைட்.

2009இல் யாரோ,
கு.வே. என்று மட்டும் குறிப்பு,
ஒரு டைப்டெஃப் வரியில்
உடுக்குறியை உள்ளே வைத்துத் தைத்துவிட்டார்.
விரலுக்கு ஒரு தட்டு மிச்சம்.

அந்த மிச்சத்தில்தான் போன மாதம்
பஃபரின் அளவு என்ன என்று கேட்டேன்.
எட்டு என்றது.
எட்டு ஒதுக்கினேன்.
நானூறு வந்து உட்கார்ந்தது
பக்கத்து இருக்கைக்காரர் மடியெல்லாம்.
கப்பலூரில் ஒரு மில்லில்
பதினோரு கன்ட்ரோலர்கள் ஒன்றாகச் செத்தன.
ஷிஃப்ட் சூபர்வைசர் போனில் கத்தியது
இன்னும் காதில் இருக்கிறது.

'மாற்றாதே' என்றும் அதன் முன்னால் எழுதியிருந்தோம்.
அது முகவரிச் சீட்டைப் பூட்டியது.
வீடு திறந்தே கிடந்தது.

துவாரகநாத்துக்கு இந்த வேலையே பிடிக்கவில்லை.
"மாட்டுத்தாவணியில மாடா கட்டியிருக்கு?
கப்பலூர்ல கப்பல் நிக்குதா?
சித்திரைத் தேரு மாசி வீதியிலதான போகுது,
எவனாச்சும் வழி தவறுனானா?
பேருன்னா பழகிரும்யா."

பழகினவனுக்கு.
நேற்றுச் சேர்ந்த ஃபிரான்சிஸ்கா
அதே வரியில் அதே எட்டைக் கேட்டு
அதே எட்டை ஒதுக்கி வைத்திருந்தாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பெயரை அழிக்க ஆரம்பித்தேன்.

புதிது அழகாயில்லை.
ஸ்ட்ரக்ட் என்று தொடங்கி நீண்டு
வரி எண்பது எழுத்தைத் தாண்டி மடிகிறது.
ஆனால் உடுக்குறி வெளியே தெரிகிறது,
வாசலில் கழற்றிய செருப்பு மாதிரி:
ஆள் இங்கே இல்லை, உள்ளே.

கம்பைல் செய்தேன்.
முன்னும் பின்னும் ஒரே இயந்திரச் சொற்கள்,
ஃபிரான்சிஸ்காவின் அந்த ஓர் இடம் தவிர.
இத்தனை நாள் வேலைக்கு
ஒரு பிட்கூட அசையவில்லை என்பது
சந்தோஷமா அவமானமா தெரியவில்லை.

அப்புறம் 'மாற்றாதே'யை வீட்டுப் பக்கம் நகர்த்தினேன்.
மூன்று இடத்தில் கம்பைலர் கத்தியது.
மாற்றக்கூடாததைப்
பதினைந்து வருடமாக மாற்றிக்கொண்டிருந்த மூன்று வரிகள்,
யாரையும் கொல்லாமல்,
எப்படி என்று கேட்காதீர்கள்.

பத்தே முக்கால் பஸ்.
"தாவணி, தாவணி" என்று கூவினார் கண்டக்டர்.
ஏறிக்கொண்டேன்.
துவாரகநாத் சொன்னதிலும்
கொஞ்சம் இருக்கிறது.