வியாழக்கிழமை மையம்

அழகர்கோவில் சாலையில் ஒரு ஓட்டல்,
இரண்டாம் மாடி, ஏசி குளிரில் முப்பது பேர்.
பயிற்சியாளர் ஜெரால்டு ஆளுக்கொரு தாளும்
ஓட்டல் பெயர் போட்ட பேனாவும் கொடுத்தார்.
"அஞ்சு வருசம் கழிச்சு நீங்க யாரு?
வெக்கப்படாம எழுதுங்க."

வெட்கப்படாமல் எழுதினேன்.
கிளை மேலாளர்.
கோசாகுளத்தில் இரண்டு சென்ட்டாவது.
ஸ்கூட்டிக்குப் பதில் சிவப்பு கார்.
மீனலோசனிக்கு வேன் வருகிற பள்ளிக்கூடம்.
கீழே இடம் மிச்சமிருந்ததால்
'நல்லவளாக இருப்பது' என்று சேர்த்து
பக்கத்து நாற்காலி எட்டிப் பார்ப்பதற்குள்
அடித்துவிட்டேன்.

தாளின் மறுபக்கம் இன்னொரு கேள்வி:
உங்கள் விழுமியங்கள் எவை? ஐந்து எழுதவும்.
அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தமென்று கேட்க
கை தூக்கும்போது சாப்பாட்டுக்கு விட்டார்கள்.
மட்டன் சுக்கா நன்றாக இருந்தது.

இலக்கு என்ற சொல் எனக்கு நன்றாகத் தெரியும்.
மாதம் எண்பது புதுக் கடன்,
வசூல் நூறு சதம்.
தொண்ணூற்றொன்பது என்றால்
ராத்திரி சோற்றில் கை வைக்கும்போது போன் வரும்.

வியாழன் தோறும் செல்லூர்.
காளீஸ்வரி வீட்டு முன்னறை,
சுவருக்கு அந்தப்புறம் தறிச் சத்தம்.
பதினான்கு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து
உறுதிமொழி சொல்வார்கள்:
ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டுவோம்,
கட்டி முடியும்வரை எழுந்திருக்க மாட்டோம்.
வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.
தப்பாகச் சொன்னவர்களைத் திரும்பச் சொல்லவைத்தேன்.

அன்றைக்கு முத்திருளாயியிடம்
எண்ணூற்று நாற்பது ரூபாய் இல்லை.
"அடுத்த வாரம் சேத்துக் கட்டிர்றேன்த்தா."
ஆறு மணி ஆனது. ஏழும் ஆனது.
உலை வைக்கணும், பால் வாங்கணும், பிள்ளை அழும் என்று
பதிமூன்று பேரும் அவளை வைதார்கள்.
நான் ஒரு வார்த்தை வையவில்லை.
இந்த ஏற்பாட்டின் நேர்த்தியே அதுதான்,
என் வாய் சுத்தமாக இருந்தது.

ஏழரைக்கு அவள் மகளை மடியில் இழுத்து
கொலுசைக் கழற்றினாள்.
பழகின கால். சிறுமியே நீட்டிக் கொடுத்தாள்.
ஒரு திருகாணி மட்டும் சிக்கிக்கொண்டது.
அந்த ஓட்டல் பேனாவின் முனையால்
நான்தான் நெம்பிக் கொடுத்தேன்.

அடகுக்கடை தெருமுனையிலேயே இருந்தது.
டேப்லெட்டில் எல்லாக் கட்டமும் பச்சை.

திரும்பும்போது கல்பாலத்தில் வண்டியை நிறுத்தினேன்.
வைகையில் அன்று தண்ணீர் இருந்தது,
கணுக்கால் அளவு.
பைக்குள் மடித்துக் கிடந்த தாளைப் பிரித்து
மறுபக்கத்தைத் தெருவிளக்கில் காட்டினேன்.
ஐந்தெல்லாம் வரவில்லை.
ஒன்றுதான் வந்தது, அதுவும் விழுமியம் மாதிரி இல்லை:
'பிள்ளைகள் காலில் என்ன கிடக்கிறதென்று
பார்க்கிற வேலை வேண்டாம்.'

பிறகு முன்பக்கம் திருப்பினேன்.
இரண்டு சென்ட் இருக்கட்டும்.
ஆசைப்படுவதில் என்ன தப்பு?
ஆனால் பக்கத்தில் 'எந்தக் காசில்' என்று
எழுதவேண்டியிருந்தது.
காருக்குப் பக்கத்தில் எழுதியபோது சிரிப்பு வந்தது.
பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் எழுதியபோது வரவில்லை.
கிளை மேலாளரை அடிக்கத்தான் பேனாவைத் திறந்தேன்.
வெகுநேரம் திறந்தபடியே வைத்திருந்துவிட்டு
அதற்கு மேலே, கிடைத்த இடுக்கில்
பொடி எழுத்தில் எழுதினேன்:
கூட்டுறவு வங்கி எழுத்தர் தேர்வு, பிப்ரவரி.
சம்பளம் நாலாயிரம் குறைவு.

அடுத்த வியாழனும் செல்லூர் போனேன்.
பிப்ரவரி வரை போகத்தானே வேண்டும்.
முத்திருளாயியிடம் கொலுசை மீட்டாச்சா என்றேன்.
"அத எதுக்குக் கேக்குறீக?" என்றாள், பயந்துபோய்.
அன்றைக்குப் பணம் இல்லாதது வேறொருத்தி.

ஆறு மணிக்கு,
ஒரு கட்டம் சிவப்பாக இருக்கும்போதே டேப்லெட்டை மூடி
"எந்திரிங்க, வீட்டுக்குப் போங்க" என்றேன்.

யாரும் எழுந்திருக்கவில்லை.
அவ்வளவு நன்றாகச்
சொல்லிக்கொடுத்திருந்தேன்.