நெல்லுக்கு எண்

வகைப்பாட்டு அட்டவணை என்று எங்களிடம் இருப்பது
ஒரு ஜெராக்ஸ்.
திருவாரூரில் யாரோ இரவல் வாங்கி
விடிவதற்குள் படியெடுத்தது,
அதன் படியின் படி தலைஞாயிறு வந்து சேர்ந்தது.
ஓரங்களில் எவருடையதோ கட்டைவிரல்
கறுப்பாக விழுந்திருக்கிறது.
அந்த விரலை எனக்கு இப்போது
எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும்.

அறுநூற்று முப்பத்திரண்டு வரை இருக்கிறது.
பயிருக்கு வரும் நோய், பூச்சி, களை
எல்லாவற்றுக்கும் எண் உண்டு.
அதற்குப் பிறகு நேராக அறுநூற்று முப்பத்தாறு:
ஆடு, மாடு, கோழி.
நடுவில் பயிர் இல்லை.
நெல் இருந்த பக்கத்தை மிஷின் விழுங்கியிருக்கும்,
இல்லையென்றால் விரல்காரருக்குத் தூக்கம் வந்திருக்கும்.

புதிய பதிப்பு கேட்டு எழுதினேன்.
இணையத்தில் பார்த்துக்கொள்ளலாமாம், ஆண்டுச் சந்தா.
திறந்தேன். நாடுகளின் பட்டியலை
உருட்டி உருட்டி இந்தியாவைப் பிடித்தேன்.
அடுத்த கட்டத்தில் தொகை டாலரில் நின்றது.
சீட்டின் பின்புறம் கணக்குப் போட்டேன்:
நாளிதழ், வார இதழ், விளக்குமாறு, பினாயில்,
மின்விசிறிக்கு மாற்றிய கண்டென்சர் உட்பட
எங்கள் கிளையின் ஓராண்டுச் செலவைப்போல்
இரண்டு மடங்கும் கொஞ்சமும்.
புத்தகம் வாங்க அல்ல.
இருக்கிற புத்தகம் எங்கே இருக்க வேண்டும் என்று
தெரிந்துகொள்ள.

ஆய்வாளர் தண்டாயுதபாணி வந்தார்.
"ஸ்டாண்டர்டு ஃபாலோ பண்ணணும்மா."
"பாஸ்வேர்டு குடுங்க சார்."
பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு
பேனாவை மட்டும் திருப்பிக் கொடுத்தார்.

புரட்டாசியில் விதைக்கடை ஜெகபர் அலி வந்தார்.
"உப்பு ஏறுன மண்ணுல நெல்லு போடுறதப் பத்தி
ஒரு புக்கு இருந்துச்சே, பச்ச அட்டை."
பதிவேட்டில் இருக்கிறது, அலமாரியில் இல்லை.
மூன்று வாரம் தேடினேன்.
ஊறுகாய் வகைகளுக்கும் தீபாவளிப் பலகாரங்களுக்கும் நடுவே
முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தது.
எனக்கு முன்னால் இருந்தவர், பாவம்,
எண் தெரியாமல்
அரிசி கடைசியில் எங்கே போகுமோ
அங்கே வைத்திருக்கிறார்.
ஜெகபர் அலி அதற்குள்
கேட்டவர்களுக்கெல்லாம் விதை கொடுத்து முடித்திருந்தார்.
"வர்ற வருசம் பாத்துக்கலாம்" என்றார்.
பச்சை அட்டையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

இங்கே தண்ணீருக்கு எண் உண்டு.
ஆற்றிலிருந்து ஏ வாய்க்கால், அதிலிருந்து பி,
பி பிரிந்து சி, சி பிரிந்து டி.
மதகுச் சுவரில் பெயின்ட்டால் எழுதியிருக்கும்,
ஆடு மேய்க்கிறவர்கூட நின்று படிக்கலாம்.
தண்ணீர் எட்டிப் பார்க்காத வருடத்திலும்
அந்த எழுத்தைப் படிக்க
யாரும் சந்தா கேட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை நானே துணிந்தேன்.
முப்பத்துமூன்று, முப்பத்துநான்கு, முப்பத்தைந்து.
மூன்றில் ஒன்று நெல்லாகத்தான் இருக்க வேண்டும்.
நடுவில் இருப்பது பாதுகாப்பு என்று
அறுநூற்று முப்பத்துநான்கை எடுத்தேன்.
ஒன்பது புத்தகங்களுக்குப் பென்சிலில் எழுதினேன்.
வேதாரண்யம் கிளை சகாயராணி போன் செய்தார்:
"நெல்லுக்கு நீங்க என்ன போடுறீங்க?"
சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.
அன்று வீட்டுக்குப் போகும்போது
இரண்டு ஊருக்கு நான் சட்டம் போட்டவள்.

தை பிறந்து தஞ்சாவூரில் ஒரு பயிற்சி.
பெரிய கல்லூரிக்காரர் ஒருவரின் மடிக்கணினியில்
சந்தா கட்டிய பக்கம் திறந்திருந்தது.
அவர் தேநீருக்கு எழுந்த இடைவெளியில்
எட்டிப் பார்த்தேன்.
முப்பத்துநான்கு: தோப்பு. பழம். மரம்.

பட்டணத்துப் பிள்ளைகள் கேட்பார்களாம்,
அரிசி எந்த மரத்தில் காய்க்கிறது என்று.
சிரிப்போம்.
தலைஞாயிற்றிலும் வேதாரண்யத்திலும்
மூன்று மாதமாக அது மரத்தில்தான் காய்க்கிறது.

பேருந்து நிலையத்திலிருந்தே அழைத்தேன்.
"மாத்தணுமா?" என்றார் சகாயராணி.
"பென்சில்தானே?"
"இல்ல, லேபிள் அடிச்சு ஒட்டிட்டேன். நாப்பத்தொண்ணு."
"பசை காஞ்சிருச்சா?"