முப்பத்திரண்டாவது ஓடு

நான் கீறவில்லை.
முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும்.
வீடு கட்டி மிஞ்சிய கறுப்புத் தரையோடுகளை
இணுவில் கடைக்காரர் அரைவிலைக்குத் தந்தார்.
ஓட்டுக்கு ஒரு கிணறு.
நாளுக்கு ஆறு கரண்டித் தண்ணீர்,
பிறகு பங்குனி வெயில்,
பிறகு மறுபடி ஆறு கரண்டி.
மிச்சமெல்லாம் தண்ணீரே கீறியது.

கோப்பாய், உரும்பிராய், ஏழாலை, அச்சுவேலி.
ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில்
போத்தல்கள் ஒன்றோடொன்று இடிபட
படலை படலையாக நின்றேன்.
"சுகாதாரப் பகுதியோ பிள்ளை?"
"இல்லை அண்ணை, படம் கீற."
"தண்ணியிலயோ?"
"தண்ணியாலை."
ஒருவர் வாளிக்கயிற்றை என் கையில் தந்துவிட்டு
மோட்டர் பார்க்கப் போய்விட்டார்.

கடலுக்குக் கிட்டிய கிணறுகள்
தடித்த வெள்ளை விளிம்பு வைத்தன.
கோயில் கிணறு ஒன்று
கண்ணாடியில் விட்ட மூச்சளவு மங்கலைத் தந்து
அதோடு நிறுத்திக்கொண்டது.
பதினேழாவது, நீர்வேலி, தோட்டக் கிணறு:
இறகு.
இறகுக்குள் இறகு, ஊசி ஊசியாய்க் கிளைத்து
நடுவில் ஒரு சதத்தளவு கறுப்பை
தொடாமல் விட்டிருந்தது.
என் கையில் அந்தப் பொறுமை இல்லை.

புரட்டாசியில்,
விற்று முடிந்து வெறுமையாய்க் கிடந்த
வெங்காயக் கொட்டிலில் காட்சி வைத்தேன்.
காலடியில் தோல் சருகுகள் நொறுங்க
எல்லோரும் பதினேழின் முன்னால்தான் நின்றார்கள்.
கலியாணத்துக்கு ஸ்காபரோவிலிருந்து வந்தவர்
விலை கேட்டார், டொலரில்.
ஆசை வரவில்லை என்றால் பொய்.

குகதாசன் மாலையில் வந்தார்.
செம்மண் ஒட்டிய சாரத்தோடு
சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு,
"எங்கட கிணறு எது?"

காட்டினேன்.
குனிந்தார். மணந்து பார்த்தார்.
"இவ்வளவு வடிவோ" என்றார்.
பிறகு,
கலியாண வீட்டில் வேண்டாத உறவினனைக் கண்டவர்போல்
மெல்ல,
"யூரியா."
ஐந்து பரப்புக்கு எத்தனை மூடை போட்டதென்று
தனக்கும் கடைக்காரனுக்கும் மட்டுந்தான் தெரியும்
என்றிருந்தாராம்.
பேத்திக்கு மா கரைப்பதும் அந்தத் தண்ணியில்தான்.
அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

போகும்போது கேட்டார்:
"உங்கட கிணறு எது?"

முப்பத்தொரு ஓடு. ஒன்றும் என்னுடையதில்லை.
பதினொரு வருடமாய்த் தூரிகை கழுவிய தண்ணியை
வாழையடியில் ஊற்றுகிறவள் நான்.
கோபால்ட் நீலம், கட்மியம் மஞ்சள்,
டர்பன்டைன் கலந்த சாம்பல்.
வாழை தாங்கும் என்று நினைப்பு.
வாழைக்குக் கீழே ஒரு முழம் மண்,
மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல்,
கல் முழுக்கத் துவாரம்.
நீர்வேலி என்று ஊருக்குத்தான் பெயர்.
நீருக்கு ஏது வேலி?

அன்றிரவு என் கிணற்றில் அள்ளினேன்.
வெயில் ஏய்த்தது, பத்து நாள் எடுத்தது.
நீலம் தெரியும் என்று பயந்திருந்தேன்.
நீலம் இல்லை.
ஓட்டின் வலது மூலையில்
நகக்கண் அளவில்
ஒரு இறகு.

அவருடையது என் கிணற்றுக்கு வந்துவிட்டது.
என்னுடையது
எந்த வீட்டுக் கேத்தலில் கொதிக்கிறதோ?

தூரிகை கழுவிய வாளி இப்போது விறாந்தையில் நிற்கிறது.
மூடிவைத்திருக்கிறேன்.
எங்கே ஊற்றுவதென்று தெரியவில்லை.

கடைசி நாள் குகதாசன் திரும்ப வந்து
பதினேழைக் கேட்டார், விலையில்லாமல்.
மோட்டர்ச் சுவிச்சுக்கு மேலே கொழுவவேணுமாம்,
போடும்போதெல்லாம் கண்ணில் படட்டுமாம்.
"கவனம் அண்ணை, மழை பட்டால் அழிஞ்சிடும்."
கரியரில் வைத்து
ரியூப் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டே சொன்னார்:
"அழிஞ்சு எங்கை போகப்போகுது?
உள்ளுக்கைதானே."